விண் கூவிய இரவுகளும் வண்டு இரைந்த வானமும்

1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணை விடக் காதுதான் முந்தி வேலை செய்தது. வானத்தில் ஒன்றும் தெரிய முதலே என்ன வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஹெலிக்கு ஒரு சத்தம், சியாமாச்செட்டிக்கு ஒரு சத்தம், ஆறுதலாக வந்து பெரல் குண்டு தள்ளிவிட்டுப் போகும் 'சகடை'க்கு இன்னொரு சத்தம். சுப்பர்சொனிக் என்றால் சத்தம் காதில் விழும்போதே அது தலையைத் தாண்டியிருக்கும். ஷெல் என்றால் முதலில் தூரத்தில் ஒரு குத்து, பிறகு வாய்க்குள் எண்ணிக்கை, பிறகு வெடிப்பு. வன்னியில் கிபிரும் 'வண்டு'ம் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர் வைத்தது சனம்தான். அதன் இரைச்சல்தான் அதற்குப் பெயராயிற்று.

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தக் காது ஓய்வெடுக்கவில்லை. கலியாண வீட்டில் வெடி கொளுத்தினால் திடுக்கிட்டுக் கதவோரம் ஒதுங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட காதுகளை மனதில் வைத்து, ஒரு மெல்லிய இசைவகையைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தில் அதை அம்பியன்ற் இசை என்பார்கள். தமிழில் சூழல் இசை என்று சொல்லலாம். பெரும்பாலும் இலத்திரனியல் கருவிகளால் செய்யப்படுவது. பாட்டு இல்லை, தாளம் இல்லை அல்லது இருந்தும் தெரியாது. நீண்ட சுரங்கள் மெதுவாக எழும்பி மெதுவாக அடங்கும். முதல்முறை கேட்கிறவர் "எப்ப தொடங்கும்?" என்று கேட்பார். அது தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இதற்கு இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் பிறையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர். 1975 தொடக்கத்தில் லண்டனில் ஒரு ராக்சி மோதி அவர் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி, 18ஆம் நூற்றாண்டு யாழ் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் சொல்வது நரம்புகள் நிமிர்ந்து நிற்கும் ஐரோப்பிய யாழ். அவர் போன பிறகு ஈனோ கஷ்டப்பட்டு எழும்பித் தட்டைப் போட்டார். திரும்ப வந்து படுத்த பிறகுதான் சத்தம் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது, ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யவுமில்லை. மறுபடி எழும்ப உடம்பில் தெம்பில்லை. வெளியில் மழை. மழைச் சத்தத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக யாழின் சுரங்கள் மட்டும் மேலெழுந்து வந்தன. இசை அறையின் வெளிச்சத்தைப் போல, மழையின் சத்தத்தைப் போல, சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அப்போது தனக்குப் பட்டதாக அவர் பிற்பாடு எழுதினார். காயப்பட்டு அசைய முடியாமல் கிடந்த ஒருவரின் காதுக்குள் பிறந்த யோசனை இது என்பதை எங்கள் வாசகர்கள் கவனிக்கலாம்.

அதே வருடம் 'டிஸ்கிரீற் மியூசிக்' என்ற தட்டு வந்தது. 1978இல் 'மியூசிக் ஃபோர் எயர்போர்ட்ஸ்', அதாவது விமான நிலையங்களுக்கான இசை. அதில் ஒரு துண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது இந்த இசையின் மர்மத்தைப் பாதி அவிழ்த்துவிடும். பெண் குரல்களில் ஒற்றைச் சுரங்களைப் பாடவைத்துப் பதிந்தார்கள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி நாடாவில் எடுத்து, நாடாவின் இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். ஒரு வளையம் 23½ செக்கனுக்கு ஒருமுறை சுற்றி வரும். இன்னொன்று ஏறத்தாழ 26 செக்கன், மற்றொன்று ஏறத்தாழ 30. நாடா அவ்வளவு நீளம் என்பதால் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த அலுமினியக் கதிரைக் கால்களைச் சுற்றி ஓடவிட்டார்களாம். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் சுரங்கள் ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகச் சந்திக்கும். ஒரே பொருள்தான் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் அதே வரிசையில் வருவதில்லை. கடற்கரையில் அலை வருவதைப் போன்றது.

ஆனால் இதை மேற்கத்தையவர்களின் கண்டுபிடிப்பு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தைச் சுற்றி அமர்ந்திருப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தை இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் பாராட்டுவதில்லை. அவர் நிறுத்தினால்தான் அவர் இருந்தது தெரியும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் அதே வேலையைச் செய்பவை. 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத் நியூயோர்க் போனார். லா மொன்ரே யங், ரெறி றைலி ஆகிய அமெரிக்க இசையமைப்பாளர்கள் அவருக்குச் சீடர்களானார்கள். அவர்களில் யங், நீண்ட சுரங்களை மட்டும் வைத்து இசை செய்தவர், ஈனோவுக்கு முன்னோடிகளில் ஒருவர். அவர் பிறந்தது ஐடஹோ மாநிலத்தில் ஒரு மரக்குற்றி வீட்டில். மர இடுக்குகளுக்குள்ளால் காற்று ஊதும் சத்தம்தான் தன் முதல் இசை நினைவு என்று சொல்லியிருக்கிறார். காற்றைப் பற்றிக் கொஞ்சத்தில் திரும்ப வருவோம்.

அதற்கும் முன்னால், 1946இல், அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயோர்க் சென்று ஜோன் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். மனதை அமைதிப்படுத்துவதே இசையின் வேலை என்று தன் குரு சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். கேஜ் அந்தக் கருத்தை வாழ்நாள் முழுக்க எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் ரியூடர் என்ற அமெரிக்கரின் உதவியோடு, மூக் சிந்தசைசர் வைத்து இந்தியாவின் முதல் இலத்திரனியல் இசைக்கூடம் அமைந்தது. அங்கே இசை செய்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் யாரும் தொடாமல் அலுமாரியில் கிடந்தன. பிரித்தானியக் கலைஞர் போல் பேர்காஸ் தேடி எடுத்ததில் 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன.

இதற்கிடையில், 1970களின் கடைசியில், பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், அவர் புல்லாங்குழலும் வாசிப்பவர், இலத்திரனியல் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். 'ராடெல்' என்ற பெயரோடு அந்தப் பெட்டி கர்நாடக சங்கீத வகுப்பு நடக்கும் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் பாட்டு வகுப்பு தொடங்க முதல், ரீச்சர் பெட்டியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் கேட்டது மெல்லிய, மிகக் குறைந்த, இலத்திரனியல் சூழல் இசை. அப்படி யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது விண்.

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று நிலைத்து வீசும்போது குடாநாட்டில் பட்டக் காலம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டி இன்று வெளியூர்களுக்கும் தெரியும். ஆனால் போட்டிக்கு வராத ஒரு விஷயம் அந்தப் பட்டங்களின் தலையில் இருக்கிறது. வளைத்த ஒரு சிறு வில்லில் நாரோ நாடாவோ விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் விண். காற்று அந்த நாடாவைத் தள்ள, விறைப்பு திரும்ப இழுக்க, அது படபடவென்று அதிர்ந்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அகலமான நாடா அடித்தொண்டையில் உறுமும், ஒடுங்கியது கீச்சிடும். காற்று உரத்தால் சுரம் கொஞ்சம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். நல்ல விண் கட்டுவது ஒரு கைவித்தை. ஊருக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது கைவரும்.

பட்டத்தை இரவில் இறக்குவதில்லை. நூலைத் தென்னையிலோ வடலியிலோ கட்டிவிட்டு வந்து படுத்துவிடுவார்கள். விண் விடிய விடியக் கூவும். பெரிய பட்டம் ஒன்று கூவினால் அடுத்த குறிச்சிக்கும் கேட்கும். இரண்டு மூன்று பட்டங்கள் நின்றால், ஒவ்வொன்றும் தன் சுரத்தில், காற்றின் போக்குக்கு ஏற்ப ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் இரையும். கதிரைக் கால்களைச் சுற்றி நாடா ஓடவிட்டு ஈனோ உண்டாக்கியதை வாடைக்காற்று செலவில்லாமல் செய்துகொண்டிருந்தது. கிணற்றடியில் படுத்திருந்த கிழவருக்கும் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அது ஒரே நேரத்தில் தாலாட்டு. சத்தம் நின்றால்தான் முழிப்பு வரும், பட்டம் விழுந்துவிட்டது என்று.

ஏன் இப்படிப்பட்ட சத்தம் இதமாக இருக்கிறது? பெரிய தத்துவம் தேவையில்லை. காதுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள ஒரு பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தால் போதும். ஒரு சத்தம் மௌனத்திலிருந்து தன் உச்சத்தை எட்ட எடுக்கும் நேரம் முக்கியம். வெடிப்புக்கு அந்த நேரம் கிட்டத்தட்டப் பூச்சியம். திடீரென்று உரத்துக் கேட்கும் எதற்கும் உடம்பு யோசிக்காமல் பதில் சொல்கிறது: ஒரு செக்கனின் 20இல் ஒரு பங்குக்குள் கண் இமைக்கும், தொடர்ந்து தோள் குறுகும், கழுத்து உள்ளே இழுக்கும். என்ன சத்தம் என்று மூளைக்குத் தெரிவது அதற்குப் பிறகுதான். யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களில் இந்தத் திடுக்கீடு மிகைப்பட்டு நின்றுவிடுவதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் குறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். சூழல் இசையில் ஒரு சுரம் உச்சத்தை எட்ட மூன்று, நாலு செக்கன்கூட எடுக்கும். திடுக்கிட வைக்கும் விளிம்பு அதில் இல்லை.

இரண்டாவது, இந்த இசையைச் செய்கிறவர்கள் சத்தத்தின் கூர்மையான மேல் ஒலிகளை வடிகட்டிவிடுகிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். சொல் விளங்காது, குரலின் அடிப்பகுதி மட்டும் வரும். மரமும் சுவரும் மேல் ஒலிகளை விழுங்கிவிடுகின்றன. பக்கத்து அறையில் அம்மாவும் அம்மம்மாவும் இரவில் கதைத்துக்கொண்டிருக்க நித்திரையான எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். இந்த இசையை 'வெதுவெதுப்பானது' என்று கேட்பவர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாவது, திரும்ப வருதல். அடுத்தது என்ன என்று காது காவல் நிற்கத் தேவையில்லை. முன்னர் வந்ததே கொஞ்சம் மாறி வரப்போகிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. வண்டின் சத்தமும் மேற்சொன்ன இரண்டு இலக்கணங்களுக்குப் பொருந்தும். திடீரென்று வராது. ஒரே சுரம், மணிக்கணக்காக. ஆங்கிலத்தில் நீண்டு நிற்கும் சுரத்துக்கும் ஆளில்லா விமானத்துக்கும் ஒரே சொல்தான், ட்ரோன். விண்ணையும் வண்டையும் ஒரு கருவியில் பதிந்து பார்த்தால் தாளில் வரும் கோடுகளில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனாலும் வன்னியில் 2008, 2009இல் இருந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வண்டு இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். விண் கூவினால் விடியும் என்பதைத் தவிர எதுவும் வராது.

ஆகவே இதம் சத்தத்துக்குள் மட்டும் இல்லை. அதை யார் தொடங்கினார்கள், யார் நிறுத்தலாம், அதற்குப் பிறகு என்ன நடந்து பழக்கம் என்பதில் பாதி இருக்கிறது. இணையத்தில் 'மன அமைதிக்கு' என்று தலைப்பிட்டு வரும் பத்து மணிநேர இரைச்சல்களை எல்லோருக்கும் மருந்தாகச் சிபாரிசு செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். தாழ்ந்த இரைச்சலைக் கேட்டதும் நெஞ்சு இறுகுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். முழு மௌனமும் சிலருக்கு ஆகாது. ஷெல்லடிக்கும் ஷெல்லடிக்கும் இடையில் வந்தது அந்த மௌனம்தான்.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1993இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். எங்கள் சனத்துக்குப் பழக்கமான ஆறுதல் முறைகளையே மருத்துவத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திய விஷயம். மூச்சோடு சேர்த்து, அவரவர் சமயத்தில் பழகிய ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் அவற்றில் ஒன்று. சைவருக்கு ஒரு சொல், கத்தோலிக்கருக்கு ஒரு சொல், முஸ்லிம்களுக்கு ஒரு சொல். கவனித்தால் அதுவும் ஒரு வளையம்தான். ஆனால் சொல்கிறவர் கையில் இருக்கும் வளையம். வேண்டும்போது தொடங்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம்.

சத்தம் எங்கள் கையில் இருந்த இன்னொரு காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் வராது. ஜாம்போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவும் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தியும் கசற் பாட்டும் ஓடின. சுற்றுகிறவருக்குக் கை சளைத்தால் பாட்டும் சளைக்கும். குரல் இழுபட்டுக் கீழே போய், "சுத்தடா!" என்று யாரோ கத்த, திரும்ப மேலே ஏறும். இப்போது கணினியில் இசை செய்கிற இளைஞர்கள், பழைய நாடாவின் அந்தத் தளம்பலைப் போலியாக உண்டாக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். துல்லியமான சுரத்தை விட மெல்லத் தளம்பும் சுரத்தில் ஒரு மனிதக் கை தெரிகிறதாம். எங்களுக்கு உண்மையாகவே ஒரு கை இருந்தது, சில வேளை அது அண்ணாவின் கை.

அந்தக் கசற்றுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் தூக்கித் திரிந்தவை, 1995 ஒக்டோபர் 30 இரவு செம்மணி வெளியைக் கடந்தவைகூட. பூஞ்சணம் பிடித்து, நாடாவின் பூச்சு உதிர்ந்து போயிருக்கும். நியூயோர்க்கில் வில்லியம் பசின்ஸ்கி என்ற இசைக்கலைஞருக்கும் இதுதான் நடந்தது. 1980களில் செய்து வைத்த நாடா வளையங்களை 2001இல் கணினிக்கு மாற்றப் போனார். ஓட ஓட, நாடாவிலிருந்த காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியது. நிறுத்தாமல் ஓடவிட்டார். ஒரு சிறு மெட்டு ஒரு மணிநேரத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உதிர்ந்து, கடைசியில் இரைச்சலும் இடைவெளியுமாக முடிந்தது. அந்த வேலை முடிந்த காலத்தில்தான் செப்ரெம்பர் 11 தாக்குதல் நடந்தது. அன்று புரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியில் இருந்து புகை எழுவதைப் பார்த்தபடி சிநேகிதர்களோடு அவர் அதைப் போட்டுக் கேட்டார். பத்து வருடம் கழித்து, நினைவுநாளில், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் ஓர் இசைக்குழு அதை வாசித்தது. உதிர்வதையும் சேர்த்து வாசித்தார்கள்.

அந்த இசையில் யாரும் அழுவதில்லை, யாரையும் குற்றம் சொல்வதுமில்லை. எங்கள் யுத்தத்தைப் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் எழுச்சி அல்லது ஒப்பாரி. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இழந்ததை வார்த்தையில்லாமல் ஓர் அறைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற இசை எங்களிடம் குறைவு. வீட்டில் யாரோ கடைசியாகப் பேசிப் பதிந்த கசற் ஒன்று பூஞ்சணம் பிடித்து இருக்குமானால், அதை எறிய முதல் ஒருதரம் ஓடவிட்டுப் பதிந்து வையுங்கள். குரல் வராமல் இரைச்சல் மட்டும் வந்தாலும் பதியுங்கள்.

யாழ்ப்பாணத்தின் இன்றைய சத்தம் வேறு. விடியக் காலையில் போட்டிக்குக் கட்டிய கோயில் ஒலிபெருக்கிகள், சந்திக்குச் சந்தி விளம்பர ஓட்டோ. பாண்காரரின் ஓட்டோவில் பீத்தோவனின் 'எலீசுக்காக' கீச்சிடும் மின்குரலில் நாள் தோறும் வருகிறது. குடாநாட்டில் அதிகம் பேர் கேட்கும் இலத்திரனியல் இசை அதுவாகத்தான் இருக்கும். அதிகம் கேட்கப்படும் மெல்லிய இலத்திரனியல் இசை என்றால், சாமி அறைச் சுவரில் செருகிய சிறு பிளாஸ்ரிக் பெட்டி, ஒரே மந்திரத்தை நாள் முழுக்க முணுமுணுப்பது. இளசுகளுக்கு அது பகிடி. ஆனால் 2005இல் பீஜிங்கில் 'எப்எம்3' என்ற இரட்டையர், பௌத்த விகாரைகளில் இருந்த அதே மாதிரிப் பெட்டியைப் பார்த்து, மந்திரத்துக்குப் பதிலாக ஒன்பது மெல்லிய இசை வளையங்களை வைத்து 'புத்தா மெஷின்' செய்தார்கள். உலகம் முழுக்க விற்றது. ஈனோவும் பல பெட்டிகள் வாங்கினார்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். காதுக்குள் செருகும் கருவி வேண்டாம், யுத்தத்தைக் கேட்ட காதுக்கு வெளிச்சத்தம் தெரியாமல் இருப்பதே பதற்றம் தரலாம். தொலைபேசியை மேசையில் வைத்து, மின்விசிறியின் சத்தத்துக்குக் கொஞ்சம் கீழே சத்தத்தை வையுங்கள். நீங்களே போடுங்கள், நிறுத்தும் கை உங்களுடையதாக இருக்கட்டும். ஹிரோஷி யோஷிமுரா என்ற ஜப்பானியர் 1982இல் செய்த 'ஒன்பது தபாலட்டைகளுக்கான இசை' தொடங்குவதற்கு நல்லது. மின்பியானோவின் தனித்தனிச் சுரங்கள், நீண்ட இரைச்சல் அதில் குறைவு. நெஞ்சு இறுகினால் நிறுத்திவிடுங்கள். நித்திரையின்மையும் திடுக்கீடும் மாதக்கணக்காகத் தொடர்ந்தால் இசை போதாது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன.

தை மாதம் ஊரில் நிற்கிறவர்களுக்கு இந்த ஆலோசனை ஒன்றும் தேவைப்படாது. இரவு பத்து மணிக்குப் பிறகு, ஓட்டோக்கள் அடங்கியதும், வல்வெட்டித்துறைப் பக்கம் வெளியில் வந்து நின்றால் போதும். இப்போது பட்டங்களுக்கு நிற மின்விளக்குகளும் பூட்டுகிறார்கள், அதனால் எது கூவுகிறது என்றும் தெரியும்.